மணிக்கு ஐம்பத்தைந்து மைல்

தாராவி,
6-4-1986

ஷ்யாமளா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அமெரிக்கா போனவள் நலமாகத்தான் இருப்பாய். எனக்கு ஒரு சாமான் வேண்டும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். விலாசம் உன் வீட்டில் வாங்கவில்லை. கிளப் ரிஜிஸ்டரில் நீயே எழுதி வைத்துவிட்டுப் போனது.

மார்ச் இரண்டாம் தேதி மகாராஷ்டிரா சாஃப்ட்பால் டீமுக்கு ஸெலக்‌ஷன் நடந்தது. ஐந்து வருஷமாக நான் எறிந்த பந்தை எல்லாம் பிடித்தவள் நீ. நீ விமானம் ஏறிய பதினெட்டாம் நாள், உன் இடத்தில் கேட்சராக உட்கார்ந்தது பேராச்சி. கோவண்டியிலிருந்து வருவாளே, அந்தப் பதினேழு வயசுப் பிள்ளை. பந்து கிட்டே வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். மூன்றாவது பந்து அவள் முகமூடிக் கம்பியில் போய் இடித்தது. "யக்கா, மெதுவாப் போடுங்கக்கா, பயமா இருக்கு" என்று அழுதாள். என்ன செய்வேன்? மெதுவாகப் போட்டேன்.

ஸெலக்டர் தள்வி சார் தன் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார். "ஸ்பீட் கம் ஹை, பேட்டி, வேகம் போதாது. மணிக்கு ஐம்பத்தைந்து மைல் இருந்தால் வா, பேசலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் கண்ணுக்குள் மீட்டர் வைத்திருக்கிறீர்களா சார் என்று கேட்டே விட்டேன். அமெரிக்காவில் பந்தின் வேகத்தை அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் இருக்கிறதாம், அதைக் கொண்டு வந்து காட்டு என்று சிரித்தார். கொண்டு வருகிறேன் சார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஸெலக்‌ஷன் டிசம்பர் பதினாலு. வாப்பா அதுவரைதான் மைதானத்துக்கு விடுவாராம். டீமில் இடம் கிடைத்தால் மேற்கொண்டு ஆடலாம். இல்லாவிட்டால் மாமா பட்டறையில் தோல் பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு டீ கொடுக்க வேண்டியதுதான். எனக்கு ஆட வேண்டும் ஷ்யாமளா. மெஷினை அனுப்பு. பாதியில் விட்டுப் போனவள் இதையாவது செய்.

நஜ்முன்னிசா


எடிசன், நியூ ஜெர்சி,
25-4-1986

என் நஜ்மு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததுமே அழுகை வந்துவிட்டது. உள்ளே படித்ததும் அந்த அழுகை நின்றுபோயிற்று. ஏண்டி, நான் போன நாளிலிருந்து பதினெட்டு நாளையும் எண்ணி வைத்திருக்கிறாயே, கல்யாணத் தேதியை நானா குறித்தேன்? மாப்பிள்ளைக்கு லீவு மூன்று வாரம். அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, தாலி கட்டி, விமானத்திலும் ஏற்றிவிட்டார்கள். மார்ச் வரை பொறுங்கள், ஒரு ஸெலக்‌ஷன் இருக்கிறது என்று எந்த வீட்டில் ஒரு பெண் சொல்ல முடியும்?

நீயும்தான் கல்யாணத்துக்கு வரவில்லை. ரிசப்ஷனில் மேடையில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மெஷினைப் பற்றி விசாரிக்கிறேன். இங்கே எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, சாயங்காலத்தில் பையன்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். அங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

தள்வி சார் ஐம்பத்தைந்து என்றா சொன்னார்? நீ சரியாகத்தானே கேட்டாய்?

ஷ்யாமளா


தாராவி,
14-5-1986

ஷ்யாமளா,

நோன்பு வைத்துக்கொண்டு எரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நோன்பு இல்லாத நாளிலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

கிளப்பில் பதினாறு பேருக்கு நீ பத்திரிகை கொடுத்தாய். பதினாலு பேருக்குக் காலை முகூர்த்தம் அச்சடித்த பத்திரிகை. எனக்கும் பேராச்சிக்கும் மட்டும் மாலை ஆறு மணி ரிசப்ஷன் அட்டை. அவள் சின்னப் பிள்ளை, ஐஸ்கிரீம் கிடைக்கும் என்று குதித்தாள். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், முனிசிபல் ஸ்கூலில் ஏழாவது வரை அதில்தான் படித்தேன். உன் விரல் வீங்கினபோது அதைத் தண்ணீரில் பிடித்து உட்கார்ந்திருந்தவள் நான். என்னைக் காலையில் கூப்பிட முடியவில்லை, சாயங்காலம்தான் முடிந்தது. நான் எதற்கு வரவேண்டும்?

சரியாகத்தான் கேட்டேன். ஐம்பத்தைந்து. நோட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

மெஷின் என்ன ஆயிற்று?

நஜ்முன்னிசா


எடிசன்,
22-6-1986

நஜ்மு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பத்திரிகைகளைப் பிரித்து வைத்தது அப்பா. அட்டையைக் கையில் வாங்கினபோதே எனக்குப் புரிந்தது. "ஏம்பா, நஜ்முக்கு மட்டும் இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அதை உன் கையில் கொண்டு வந்து கொடுத்தேன். தப்பு என்னுடையது. நீ வந்திருக்க வேண்டாம், வராததுதான் சரி.

இனி மெஷின். இதற்கு ரேடார் கன் என்று பெயர். பந்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அலையை விட்டு, திரும்பி வருவதை வைத்து வேகம் சொல்கிறது. இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று போலீஸ்காரர்கள் சாலையில் வைத்திருப்பது. பெரிய காரைத் தூரத்திலேயே பிடித்துவிடும், சின்னப் பந்து கிட்டே வந்த பிறகுதான் அதன் கண்ணில் படும். பந்து கையை விட்டுக் கிளம்பி வந்துசேர்வதற்குள் வேகம் சில மைல் குறைந்துவிடுகிறதாம், அதனால் அது குறைத்துத்தான் காட்டும். அது மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்னொன்று பந்துக்கென்றே செய்தது. கையை விட்ட இடத்திலேயே பிடிக்கும், பந்து போன பிறகும் எண் அப்படியே நிற்கும், நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். நமக்கு அதுதான்.

அந்தப் பள்ளிக்கூட பேஸ்பால் கோச்சிடம் அப்படி ஒரு பழைய மெஷின் இருக்கிறது. புதுசு வாங்கப் போகிறாராம். பெண்கள் டீமுக்குக் கோடை முழுக்க கேட்சராக வந்து உட்கார்ந்தால் பழசு உனக்கு என்றார். சல்வார் கமீஸோடு முட்டி போட்டு உட்கார்ந்து முதல் பந்தைப் பிடித்தேன் பார், அந்தப் பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். மறுநாள் என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. இவர் எண்ணெய் சுட வைத்துக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் தெரியும்னு ஜாதகத்துல போடலையே" என்கிறார்.

ஆகஸ்டில் இவருடைய சிநேகிதர் திருவேங்கடம் பம்பாய் வருகிறார். அவரிடம் மெஷினைக் கொடுத்து மாட்டுங்கா வீட்டில் சேர்க்கச் சொல்கிறேன். என் தம்பி கொண்டுவந்து உன்னிடம் கொடுப்பான். மெஷினோடு இரும்பில் இரண்டு பல் வைத்த ஒரு கவை இருக்கும். அதைத் தொலைத்துவிடாதே, அது முக்கியம்.

ஷ்யாமளா


தாராவி,
7-9-1986

ஷ்யாமளா,

மெஷின் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

இதற்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வேண்டுமாம். எங்கள் சந்தில் டாக்சி ஓட்டுகிற கரீம் பாட்சா காக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை காலை டாக்சியோடு மாட்டுங்கா மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மைதானத்துக்குள் வண்டி விட வாட்ச்மேன் சம்மதிக்கவில்லை. மூன்றாம் பேஸ் பக்கமாக வேலி ஓரத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வயரை மாட்டினோம். காக்கா மெஷினைப் பிடித்துக்கொண்டார். நான் எறிந்தேன்.

முப்பத்தேழு. முப்பத்தாறு. முப்பத்தெட்டு. தோள் கழன்றுவிடும் போல எறிந்தேன், அப்போதும் முப்பத்தெட்டுதான். "இதுக்கு நம்ம டாக்சியே தேவலை, பந்தை அதுல வச்சு ஓட்டுவோமா தங்கச்சி?" என்றார் காக்கா. சிரிக்க முயன்றேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

தள்வி சார் சொன்னது சரிதானோ? நானும் நீயும் ஐந்து வருஷம் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தோமோ? இல்லை, மெஷின் கெட்டுப்போனதா? யாருமே எறியாதபோது ஒரு தடவை நாற்பத்திரண்டு காட்டியது. நீ சொன்ன இரும்புக் கவை பெட்டியில் இல்லை. உன் தம்பியைக் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லையாம்.

டிசம்பருக்கு மூன்று மாசம் இருக்கிறது. நான் விடப்போவதில்லை. ஆனால் உண்மை எது என்று தெரிய வேண்டும்.

நஜ்மு


எடிசன்,
26-9-1986

அடி பைத்தியமே,

வேலி ஓரத்தில் நின்றா அளந்தீர்கள்? படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். என்னைத்தான் நான் அடித்துக்கொள்ள வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லையே!

பந்து மெஷினின் முகத்துக்கு நேராக வர வேண்டும். தன்னை நோக்கி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும். பக்கவாட்டில் நின்றால் வேகத்தில் ஒரு பங்கு பக்கத்தில் போய்விடும், அதன் கணக்கில் வராது. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தின் மேல் நின்றால் ஃபாஸ்ட் லோக்கல் நம் மேலேயே பாய்கிற மாதிரி இருக்குமே, அதே ரயிலைத் தூரத்து மாடியிலிருந்து பார்த்தால் நகர்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் விஷயம். கேட்சருக்கு நேர் பின்னால், வலைக்கு அந்தப்பக்கம் நின்று அள. டாக்சி வராவிட்டால் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். பேட்டரியில் சார்ஜ் குறைந்தாலும் எண் தப்பாகும். அந்த நாற்பத்திரண்டு, சாலையில் போன ஏதாவது லாரியாக இருக்கும்.

கவை கிடைக்காமல் அளக்காதே. அதில் 50 என்று பொறித்திருக்கும். மரத்தில் தட்டி மெஷின் முன்னால் பிடித்தால் மெஷின் ஐம்பது காட்ட வேண்டும். காட்டினால் மெஷின் சரி. அது எங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்பா போன கடிதத்தில், "நீ அனுப்பிய சுருதிக் கவை வந்து சேர்ந்தது, ஆனால் எந்தக் கட்டைக்கும் ஒத்துவரவில்லை" என்று எழுதியிருந்தார். என்னவோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். பாட்டுக்குச் சுருதி சேர்க்க அனுப்பினேன் என்று நினைத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்!

நானே அவருக்கு எழுதலாம். ஆனால் கடிதம் போய், அவர் படித்து, தம்பியிடம் கொடுத்தனுப்பி, அதற்குள் ஒரு மாசம் ஓடிவிடும். நீயே வீட்டுக்குப் போய்க் கேட்பாயா? உனக்குக் கஷ்டம் என்று தெரியும். உன் இஷ்டம்.

பேராச்சியிடம் சொல், பந்தைப் பார்க்காதே, பந்தின் மேல் இருக்கிற தையலைப் பார், எத்தனை தையல் தெரிகிறது என்று எண்ணு என்று. எண்ணுகிறவளால் கண்ணை மூட முடியாது. நான் அப்படித்தான் பழகினேன்.

ஷ்யாமு


தாராவி,
19-10-1986

ஷ்யாமு,

போனேன். மூன்று மாடி ஏறி உங்கள் வீட்டு மணியை அடித்தேன். ஐந்து வருஷத்தில் கீழே நின்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறேனே தவிர, மேலே வந்ததில்லை என்பது படி ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது.

உன் அப்பா கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். "தெரியும்மா" என்றார். கவை சுருதிப் பெட்டியின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அது பாட்டுக்கு இல்லை மாமா, பந்துக்கு என்றேன். நம்பவில்லை. பையிலிருந்து மெஷினை எடுத்தேன். அவரையும் கீழே கூட்டிப் போனேன். வாசலில் ஒருவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதன் பேட்டரியில் மாட்டிக் கவையைத் தட்டச் சொன்னேன். உன் அப்பாவே தட்டினார். ஐம்பது! மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி பத்துத் தடவை தட்டிப் பார்த்தார். "ரெண்டு மாசமா இதோட மல்லுக்கட்டிண்டு இருக்கேன், நம்ம காதுதான் போயிடுத்துன்னு நெனச்சேன்" என்றார்.

கிளம்பும்போது, "காலம்பரவே உன்னைக் கூப்பிட்டிருக்கணும்மா" என்றார். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஞாயிறு காக்கா முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியைத் தலையில் வைத்துச் சுமந்து வந்தார். கேட்சருக்குப் பின்னால் நின்று அளந்தோம். பேராச்சி தையலை எண்ணுகிறாள். சத்தமாக எண்ணித் தொலைக்கிறாள், ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள். நாற்பது பந்து எறிந்தேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பது, ஐம்பத்து மூன்று. நாலு தடவை ஐம்பத்து மூன்று.

மெஷின் சரி, நிற்கிற இடம் சரி, கவை சரி. அப்படியானால் நான் ஐம்பத்து மூன்று. இன்னும் இரண்டு மைல் வேண்டும். எட்டு வாரம் இருக்கிறது. பட்டறைக்குப் போகும் முன்பு தினமும் விடியற்காலையில் எறிகிறேன். எப்படியாவது ஏற்றிவிடுவேன்.

நஜ்மு


எடிசன்,
5-11-1986

நஜ்மு,

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் போகலாம். ஆனால் நீ தோளை உடைத்துக்கொண்டு எறிவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

ஐம்பத்தைந்து என்ற எண்ணைத் தள்வி சார் வாயில் போட்டது நான்தான்.

பிப்ரவரி முதல் வாரம், நீ பட்டறையில் இருந்தாய். அவர் மைதானத்துக்கு வந்தார். உங்கள் பிட்சர் எப்படி எறிவாள் என்று என்னைக் கேட்டார். நான் போகப் போகிறேன், போகும் முன் உனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். "சாதாரணமாகவே ஐம்பத்தைந்து மைல் வரும் சார்" என்று அடித்துவிட்டேன். அந்த எண்ணை எங்கேயோ ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். மைல் என்றால் என்ன என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு அதே எண்ணை வைத்து உன்னைத் தட்டிவிட்டார்.

அது விதி இல்லை, நஜ்மு. யாருக்கும் வைத்த அளவு இல்லை. என் வாய்க்கொழுப்பு, வேறொன்றும் இல்லை. உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லப் பயந்து மெஷினைத் தேடி ஓடினேன். அது ஐம்பத்தைந்து காட்டிவிட்டால் நான் தப்பித்தேன் என்று தினம் சுவாமியை வேண்டிக்கொண்டேன். அட்டை விஷயத்தில் வாயைத் திறக்காமல் உனக்குக் கெடுதல் செய்தேன், இதில் திறந்து செய்தேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

ஷ்யாமளா


தாராவி,
16-12-1986

ஷ்யாமு,

உன் கடிதம் வந்த அன்று நீ எதிரில் இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். அல்லாஹ்வே, ஐம்பத்தைந்தாம்! கேட்டால் "நல்லா எறிவா சார்" என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எட்டு மாசம் அந்த எண்ணைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். மூன்று நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை ஸெலக்‌ஷனுக்குப் போனோம். நான், மெஷின், பேராச்சி, பேட்டரியோடு காக்கா. தள்வி சாருக்கு என்னை மறந்தே போயிருந்தது, மெஷினைப் பார்த்ததும் முகம் மாறியது. கவையை அவர் கையிலேயே கொடுத்துத் தட்டச் சொன்னேன். ஐம்பது வந்தது. கேட்சருக்குப் பின்னால் அவரையே நிற்க வைத்தேன். பிறகு சொன்னேன், "சார், என்னைக் கடைசியில் அளங்கள். முதலில் எல்லோரையும் அளங்கள்."

அவர் அதெல்லாம் வேண்டாம் என்றார். ஸெலக்‌ஷன் கமிட்டியில் நாக்பூர் அம்மா ஒருவர், நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி. "ஏன் வேண்டாம்? எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

புனே பெண் நாற்பத்தெட்டு. சோலாப்பூர் நாற்பத்தாறு. நாக்பூர் ஐம்பது. போன வருஷம் நேஷனல் ஆடியவள் ஒருத்தி, பெரிய ஆள், அவளுக்கு ஐம்பத்தொன்று. ஒவ்வொரு எண்ணையும் தள்வி சார் தன் கையால் எழுதினார், கை கொஞ்சம் மெதுவாகிக்கொண்டே வந்தது. பிறகு நான். பேராச்சி பின்னால் உட்கார்ந்து "ஒண்ணு ரெண்டு" என்று தையலை எண்ணுவது எனக்கே கேட்டது. ஆறு பந்து எறிந்தேன். நாலாவதும் ஆறாவதும் ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்து வரவில்லை ஷ்யாமு. எட்டு வாரம் எறிந்தும் வரவில்லை.

"ஐம்பத்தைந்து இல்லையே" என்றார் தள்வி சார்.

"இல்லை சார். யாரிடம் இருக்கிறது? ஐம்பத்தைந்து என்று ரூல் புக்கில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

பிறகு அந்த நாக்பூர் அம்மா மராத்தியில் ஒரே வார்த்தை சொன்னார். "லிஹா." எழுதுங்கள் என்று அர்த்தம். தள்வி சார் எழுதினார். பிட்சர்கள் வரிசையில் முதல் பெயர்.

வாப்பாவிடம் லிஸ்டைக் காட்டினேன். இரண்டு தடவை வாங்கிப் படித்துவிட்டு, "ஜனவரில எங்கடா ஆட்டம்?" என்று காக்காவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. ஆனால் கேட்டார்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உன் டீம் பெண்கள் உன் பிட்சர் எப்படி என்று கேட்பார்கள், எனக்குத் தெரியும், உன் வாய் சும்மா இருக்காது. ஐம்பத்து மூன்று என்று சொல். அளந்தது அவ்வளவுதான். ஆசைக்காக ஒன்றுகூடக் கூட்டாதே. இந்த ஐம்பத்து மூன்றை வைத்துத்தான் எனக்கு இடம் கிடைத்தது.

உன்
நஜ்மு